மலைப் பள்ளிகளுக்குச் சீருடை வழங்குவோருக்கு: வயதைப் பார்த்துத் துணி வாங்காதீர்கள், பிள்ளையை அளந்து தையுங்கள்

மதிப்பிற்குரிய அறக்கட்டளை நிர்வாகிகளுக்கும், கம்பெனிகளின் சி.எஸ்.ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பொறுப்பாளர்களுக்கும்,

கல்வராயன் மலைப் பள்ளிகளுக்கு வரும் கல்வியாண்டு முதல் ரெடிமேட் சீருடையே வழங்கப்படும் என்று தலைமையாசிரியர்களுக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் படித்தோம். மொத்தக் கடையில் வயது வாரியாக பாக்கெட் போட்டு வாங்குவீர்கள். ஆகஸ்ட் 15 விழா மேடையில் கொடுப்பீர்கள். சட்டைப் பையில் உங்கள் சின்னம் இருக்கும். மலையிலேயே அளவெடுத்துத் தைக்கும் ஏற்பாடு நிறுத்தப்படும். அதற்கு மூன்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள்: தைத்து முடிக்கத் தாமதமாகிறது, ஒரு சட்டை போல் இன்னொரு சட்டை இல்லை, கணக்குக் காட்டச் சிரமமாக இருக்கிறது. மலையில் சீருடை தைப்பவர்களும் அளவெடுக்கும் ஆசிரியர்களுமான எங்களால் இந்த முடிவை ஏற்க முடியவில்லை. ஏன் என்பதைத் தையல் மேசையிலும் வகுப்பறையிலும் பார்த்ததை வைத்தே சொல்கிறோம்.

முதலில், யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பது. உங்கள் பட்டியலில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகள். சத்துணவு சாப்பிடும் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லாச் சீருடை தருகிறது. 2012-13 முதல் அது ஆண்டுக்கு நான்கு செட். கூட்டுறவு நெசவாளர்கள் நெய்த துணியை சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தருகின்றன. நான்கும் ஒரே நாளில் வராது, தவணையாகத்தான் வரும். அளவில் குறையும் இருக்கும். ஆனாலும் வரும். அந்தப் பிள்ளைக்கு நீங்கள் ஐந்தாவது செட் கொடுக்கிறீர்கள்.

ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் அது நின்றுவிடுகிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சீருடைக்கு மத்திய அரசு ஒதுக்கும் 600 ரூபாயும் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆக, முழுக்கால் சட்டைக்கும், பெண் பிள்ளைகளுக்குச் சுடிதார், துப்பட்டா, மேல் கோட்டுக்கும் துணி அதிகம் தேவைப்படும் வயதில், செலவு முழுவதும் வீட்டின் தலையில் விழுகிறது. நடுநிலைப் பள்ளி முடித்து வேறு ஊர் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பிள்ளை ஜூன் மாதம் பழைய பள்ளியின் சீருடையில் வந்து நிற்பதை எந்தத் தலைமையாசிரியரைக் கேட்டாலும் சொல்வார். அதைப் போட்டு வர வெட்கப்பட்டு இரண்டு வாரம் வராமல் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. பஸ் விஷயமும் இதில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் புதிய பாஸ் கைக்கு வரும்வரை சீருடைதான் பாஸ். கலர் சட்டை போட்ட பிள்ளையிடம் கண்டக்டர் டிக்கெட் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது வயது. மொத்தக் கடைக்காரர் 20, 22, 24 என்று இரண்டு இரண்டாக ஏறும் சைஸ்களை வயதோடு பொருத்தி ஒரு அட்டை வைத்திருப்பார். அது டவுனில் நன்றாகச் சாப்பிட்டு வளரும் பிள்ளைக்குப் போட்ட கணக்கு. எங்கள் பள்ளிகளில் ஒரே வகுப்பில் ஒருவருக்கு 26, பக்கத்தில் இருப்பவருக்கு 32. வேலைக்காகக் குடும்பத்தோடு கேரளாவுக்கும் கர்நாடகாவின் காப்பித் தோட்டங்களுக்கும் போய்த் திரும்பும் பிள்ளைகள் வயதுக்கு ஒன்றிரண்டு வகுப்பு பின்தங்கி உட்கார்ந்திருப்பார்கள். பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியும் பல நேரம் உத்தேசம்தான். இன்னொன்று, மெலிந்த பிள்ளைக்கு உயரம் வயதுக்கு அருகில் இருந்தாலும் மார்பும் இடுப்பும் இரண்டு சைஸ் குறைவாக இருக்கும். உயரத்தைப் பார்த்து எடுத்தால் இடுப்பில் நிற்காது. இடுப்பைப் பார்த்து எடுத்தால் கணுக்காலுக்கு மேல் நிற்கும். அரைஞாண் கயிற்றுக்குள் செருகியோ ஊக்கு குத்தியோ ஒரு பையன் நாள் முழுக்கப் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு திரிகிறான். "பிரித்துத் தைத்துக்கொள்ளட்டும்" என்று உங்கள் கடிதம் சொல்கிறது. பிரிப்பதற்கு உள்ளே துணி இருந்தால் தானே?

ரெடிமேட் பேன்ட் ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். கால் மடிப்பு முக்கால் இஞ்சிலிருந்து ஒரு இஞ்ச் வரைதான், அதையும் ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் தையல்) அடித்து வெட்டியிருப்பார்கள். பள்ளிப் பிள்ளை ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளரும். வயதுக்கு வரும் பருவத்தில் எட்டு, அதற்கு மேலும் வளரும். அதில் ஏறக்குறைய பாதி காலில்தான். ஜூனில் சரியாக இருந்த பேன்ட் தை மாதம் குட்டையாகிவிடும். நாங்கள் மூன்று இஞ்ச் மடிப்பு விடுகிறோம், இரண்டாக மடித்துக் கைத்தையல் போடுகிறோம், அந்த இடத்தை அழுத்தி அயர்ன் பண்ணுவதில்லை. அழுத்தினால் பிறகு பிரித்து இறக்கும்போது பழைய மடிப்பு வெள்ளைக் கோடாகத் தெரியும்.

இடுப்பில் வித்தியாசம் இன்னும் பெரிது. ரெடிமேடில் இடுப்புப் பட்டி ஒரே துண்டு. அதைப் பிரித்து அகலப்படுத்தவே முடியாது. ஊர்த் தையல்காரர் பட்டியை இரண்டு துண்டாக வெட்டிப் பின்பக்கம் நடுவில் சேர்ப்பார். சீட்டுத் தையலோடு (உட்காரும் இடத்தில் வரும் பின்பக்க நடுத் தையல்) அங்கே இருபுறமும் ஒன்றரை இஞ்ச் உள்ளே கிடக்கும். அந்த ஒரு தையலைப் பிரித்தால் இடுப்பு இரண்டு இஞ்சுக்கு மேல் விரியும். பத்து நிமிட வேலை. ஒரே பேன்ட் இரண்டு வருஷம் ஓடுவது இதனால்தான். பெண் பிள்ளைகளின் டாப்பில் பக்கத் தையலில் ஒரு இஞ்சுக்குக் குறையாமல் விட வேண்டும். கைக்குழியும் சோல்டரும் மட்டும் முதலிலேயே சரியாக இருக்க வேண்டும், அங்கே பிறகு ஒன்றும் செய்ய முடியாது. சோல்டர் பிடித்தால் அக்குளில் கிழியும், கையைத் தூக்கிப் போர்டில் எழுதக் கூடப் பிள்ளை தயங்கும்.

தையலும் பாருங்கள். மலிவு ரெடிமேடில் பல இடங்களில் ஓவர்லாக் மட்டும் இருக்கும், அதன் மேல் நேர்த்தையல் இருக்காது. சில இடங்களில் சங்கிலித் தையல். ஒரு நூல் அறுந்தால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். இஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழ வேண்டிய இடத்தில் ஏழெட்டுதான் விழுந்திருக்கும், மிஷின் வேகமாக ஓட வேண்டும் என்று. தரையில் சம்மணம் போட்டு உட்காரும் பிள்ளைக்கு முதலில் போவது சீட்டுத் தையல். பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் வந்ததும் சுடிதார் பக்கத் திறப்பின் முனை கிழியும். சீட்டுக்கு இரட்டைத் தையலும் திறப்பு முனைக்கு உள்ளே ஒரு சிறு துண்டு வைத்து அடைப்பும் போட்டால் இரண்டும் வராது. ஜிப் போனால் மாற்றக் கடை கள்ளக்குறிச்சியில் இருக்கிறது, போக வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் ஜிப்புக்குக் கொஞ்சம் கூடப் போட்டு நல்லதாக வாங்குங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது.

துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை குறைப்பது இங்கேதான் நடக்கிறது. சட்டைக்கு 67:33 பாலியஸ்டர் பருத்திக் கலவை சரியாக வரும். முழுப் பருத்தி சுருங்கும், காயாது. முழு பாலியஸ்டர் வேர்வையை இழுக்காது, கழுத்திலும் கையிடுக்கிலும் உருண்டை உருண்டையாக நூல் கட்டும். மழை மாதங்களில் மலை வீடுகளில் ஈரத்துணியை அடுப்புப் பக்கம்தான் காயப் போடுவார்கள். ஒரு பொறி பட்டால் பாலியஸ்டர் உருகி ஓட்டை விழும். கடைக்காரர் என்ன சொன்னாலும் ஓரத்தில் நாலு நூல் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி, கெட்டியான மணியாக உருண்டால் பாலியஸ்டர், இரண்டும் சேர்ந்து வந்தால் கலவை. வெள்ளைச் சட்டைத் துணியை உள்ளங்கை மேல் விரித்துப் பாருங்கள். ரேகை தெரிந்தால் அது பெண் பிள்ளைக்கு ஆகாது. மேல் கோட் இருக்கிறதே என்பீர்கள். வெயிலில் கோட்டைக் கழற்ற முடியாமல் அவள் படும் பாடு உங்கள் பாக்கெட்டின் மேல் எழுதியிருக்காது. சுடிதார் பாட்டம் அடர்ந்த நிறமாக இருப்பது மாதவிடாய் நாட்களுக்காகத்தான். பள்ளி சொல்லும் நிறத்தில் அடர்த்தி குறைந்த ஷேட் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள்.

அளவு தெரியாமல் துணி வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்காக ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு. 58 இஞ்ச் பன்னாவில் (பன்னா என்றால் துணியின் அகலம்) பேன்ட்டுக்கு 1.20 மீட்டர். அரைக்கைச் சட்டைக்கு 36 இஞ்ச் பன்னா என்றால் 2 மீட்டர், 58 என்றால் 1.40 முதல் 1.50. சுடிதார் டாப்புக்கு 36 இஞ்ச் பன்னாவில் 2.25 முதல் 2.50, பாட்டத்துக்கு 2 முதல் 2.25, துப்பட்டாவுக்கு 2.25. மேல் கோட்டுக்கு 58 பன்னாவில் 80 சென்டிமீட்டர். சில நன்கொடையாளர்கள் தலைக்கு இத்தனை மீட்டர் என்று எல்லோருக்கும் ஒரே துண்டாக வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். குட்டைப் பிள்ளைக்கு மீந்து போகிறது, நெட்டைப் பிள்ளைக்குப் பற்றாமல் போகிறது. தானாக (தான் என்று முழுச் சுருளைச் சொல்கிறோம்) கொடுங்கள். ஐம்பது பிள்ளைகளுக்குச் சேர்த்துக் கட்டிங் போட்டால் சின்ன அளவில் மிஞ்சுவது பெரிய அளவுக்குப் போகும், துண்டும் வீணாகாது.

நீங்கள் சொன்ன மூன்று காரணங்களுக்கு வருகிறோம்.

தாமதம் உண்மைதான். துணி மே மாதக் கடைசியில் மலை ஏறியது. கால்மிஷினில் தைக்கும் ஒருவர் வேலை சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் நாளைக்கு இரண்டு மூன்று செட் முடிக்கலாம். காஜா (பட்டன் துளை) அடிக்கவும் பட்டன் கட்டவும் தனியாக ஆள் வேண்டும். பள்ளி ஜூனில் திறக்கிறது என்பது ஆண்டுதோறும் தெரிந்த விஷயம். துணி பிப்ரவரியில் ஆர்டர், மார்ச்சில் அளவு, ஏப்ரலில் கட்டிங், மே முழுக்கத் தையல் என்று வைத்தால் திறக்கும் நாளன்று பிள்ளை உடுத்தி வரும். ஆகஸ்டில் மேடையில் கொடுக்கப்படும் ரெடிமேட் இதைவிட எப்படி வேகம் என்று எங்களுக்குப் புரியவில்லை. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அந்தப் பிள்ளை எதைப் போட்டு வரும்?

ஒன்றுபோல் இல்லை என்ற புகாரில் பாதி எங்கள் பக்கம் சேரும். காலர் அகலம், பை அளவு ஆளுக்கு ஆள் மாறியிருக்கிறது. அதற்கு ஒரு மாதிரிச் சட்டையும் அட்டையில் வெட்டிய காலர், பை அச்சுகளும் எல்லோருக்கும் கொடுத்தால் போதும். மீதிப் பாதி நிறம். அது துணியின் கோளாறு. இரண்டு தவணையாக இரண்டு கடையில் வாங்கியதால் ஒரே பச்சை இரண்டு பச்சையாக வந்தது. சாயம் போடும் லாட் மாறினாலே ஷேட் மாறும். மில் பெயரையும் ஷேட் நம்பரையும் பள்ளிப் பதிவேட்டில் எழுதி வைத்து, ஆண்டுக்கு ஒரே தடவையில் வாங்கினால் இது நடக்காது. இதை நாங்கள் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிறம் வெளிறி இருந்தால் வகுப்பில் யாருடைய சட்டை தானமாக வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பையில் அச்சிட்ட சின்னமும் அதைத்தான் செய்கிறது. காசு கொடுத்து வாங்கிய பிள்ளையின் சட்டையில் கடைக்காரர் பெயர் இருக்கிறதா?

கணக்கு விஷயம் மூன்றிலும் சுலபமானது. அளவு நோட்டே கணக்குப் புத்தகம். வரிசை எண், வகுப்பு, பெயர், எடுத்த அளவுகள், தைத்தவர், வாங்கிய தேதி, பெற்றோர் கையெழுத்து. சாதியும் வருமானமும் அதில் எழுத வேண்டியதில்லை. ஆடிட்டருக்கு இது போதவில்லை என்றால் வேறென்ன வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், சேர்த்துவிடலாம்.

பெற்றோர் கையில் பணமாகக் கொடுத்துவிடலாமே என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். உத்தரப் பிரதேசத்தில் சீருடை, ஸ்வெட்டர், பை, காலணி எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,200 ரூபாயைப் பெற்றோர் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். கடைத்தெரு பக்கத்தில் உள்ள ஊருக்கு அது சரிப்படலாம். வெள்ளிமலைக்கு உள்ளே இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து பேங்குக்கு ஒரு நாள், துணிக்கு ஒரு நாள், தையற்கூலி தனி. சில்லறை விலையில் ஒரு செட் வாங்கும் பணத்தில் மொத்த விலையில் ஒன்றரை செட் வாங்கலாம். அதனால் பணமாக வேண்டாம்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

ரெடிமேட் ஆர்டரை நிறுத்துங்கள். முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றால் அதே கடையில் அதைத் துணியாக மாற்றிக் கேளுங்கள். மொத்தக் கடைகளில் இது நடக்காத காரியமில்லை.

ஒன்று முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்குப் புதிதாகச் செட் கொடுப்பதை விட்டுவிட்டு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை கொடுங்கள். அந்த வகுப்பில் படிக்கும் எல்லோருக்கும் கொடுங்கள். ஏழைப் பிள்ளை யார் என்று கை தூக்கச் சொல்லிப் பட்டியல் எடுக்காதீர்கள். சிறு வகுப்புகளில் அரசுச் சீருடை தொளதொளவென்று வந்தால் அதைச் சரிசெய்யும் தையற்கூலியை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், அதுவே பெரிய உதவி.

ஆளுக்கு இரண்டு செட். ஒன்று என்றால் வேண்டாம் என்றே சொல்வோம். ஐப்பசி, கார்த்திகையில் இரவு துவைத்தது காலைக்குள் காயாது. ஒரே செட் இருக்கும் பிள்ளை ஈரத்தோடு வரும், அல்லது வராது. நிதி பற்றாது என்றால் பள்ளிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், செட்டைக் குறைக்காதீர்கள். ஷூ, சாக்ஸ், டை, பெல்ட்டில் போகும் பணத்தை இதில் போடுங்கள். மலைப்பாதையில் அந்த ஷூ மூன்று மாதம் தாங்குவதில்லை.

அளவு மார்ச்சில், தேர்வுக்கு முன் எடுக்கப்பட வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளையை நடுநிலைப் பள்ளியிலேயே அளந்து, சேரப் போகும் உயர்நிலைப் பள்ளியின் நிறத்தில் தைக்க வேண்டும். பெண் பிள்ளைகளைப் பெண்கள்தான் அளக்க வேண்டும், ஒரு ஆசிரியை கூட இருக்க வேண்டும். அளவெடுக்கும் நாளில் வராத பிள்ளைக்காகவும், பொங்கலுக்கு மேல் வெளியூரிலிருந்து திரும்பிச் சேரும் பிள்ளைக்காகவும் நூறு பேருக்குப் பத்து செட் துணியை வெட்டாமல் பள்ளிப் பீரோவில் வையுங்கள். தைத்து அடுக்கி வைத்தால் அந்த அளவில் பிள்ளை வராது.

கொடுத்து இரண்டு வாரம் கழித்து ஒரு தையல்காரரும் ஒரு மிஷினும் பள்ளியில் ஒரு நாள் உட்காரக் கூலி ஒதுக்குங்கள். பிடிப்பதும் விடுவதும் அன்றே முடியும். அடுத்த ஜூனில் இன்னொரு நாள், மடிப்பு இறக்குவதற்கு. இந்த இரண்டு நாள் கூலி மொத்தச் செலவில் தெரியவே தெரியாது, ஆனால் பாதிச் சீருடையின் ஆயுள் ஒரு வருஷம் கூடும்.

சின்னம் வேண்டாம். மேடையும் வேண்டாம். பிளாஸ்டிக் கவரைக் கையில் பிடித்தபடி பிள்ளையை நிறுத்தி எடுக்கும் போட்டோவும் வேண்டாம். ஆண்டறிக்கைக்குப் படம் அவசியம் என்றால் தையல் நடக்கும் மே மாதத்தில் வாருங்கள், மிஷினையும் துணியையும் எங்களையும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தையற்கூலியை வேலை முடிந்த வாரமே கொடுங்கள். விழா முடிந்து பில் பாஸ் ஆனதும் என்றால், ஆறு மாதம் காத்திருக்க முடியாதவர்கள் அடுத்த ஆண்டு மிஷினை விட்டுவிட்டுத் தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். பிறகு ஊரில் தைக்க ஆளில்லை என்று உங்கள் அடுத்த கடிதம் வரும்.

துணி ஆர்டர் பிப்ரவரிக்குள் போக வேண்டும் என்பதால் ஜனவரி மாதத்துக்குள் எழுத்துமூலம் பதில் கேட்கிறோம். மாதிரிச் சட்டை, பேன்ட், சுடிதார் மூன்றும் தைத்துத் தயாராக வைத்திருக்கிறோம். உங்கள் கொள்முதல் பொறுப்பாளரை அனுப்பினால், நீங்கள் தேர்ந்தெடுத்த ரெடிமேட் செட்டையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் உள்பக்கம் திருப்பிக் காட்டுவோம். முடிவை அதன் பிறகு எடுங்கள்.

இப்படிக்கு,
கல்வராயன் மலையில் பள்ளிச் சீருடை தைப்பவர்களும், அளவெடுத்துக் கொடுக்கும் ஆசிரியர்களும்